பதினான்கு நிமிட ஆறுதல்

ராஜபாளையத்தில் ஒரு கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்தால், அடக்கம் முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு ஏசுவடியான் வந்துவிடுவார். பத்தேகாலுக்குக் கிளம்பியும் விடுவார். பதினான்கு நிமிடம் ஆறுதல், மிச்சம் ஒரு நிமிடம் செருப்பு மாட்டுவதற்கு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் வாரிசுச் சான்றிதழ் மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர் அவர். அழுத கண்ணோடு வருகிறவர்களை நிமிர்ந்து பார்க்காமலே "செத்தவங்க பேரு? உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டுப் பழகிய வாய். ஓய்வு பெற்றதும் சபையில் அவரை ஆறுதல் குழுவுக்குச் செயலாளராகப் போட்டார்கள். துக்க வீட்டு அனுபவம் அதிகம் என்று பாஸ்டர் காரணம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

ஏசுவடியானின் ஆறுதலில் மூன்று பகுதி. முதலாவது, ஆண்டவர் தவறு செய்யமாட்டார். இரண்டாவது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு திட்டம் உண்டு. மூன்றாவது, உங்களைவிட அதிகம் பட்டவர்கள் அழாமல் இருக்கிறார்கள். இந்த மூன்றாவதற்கு சாத்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை உதாரணம் சொல்வார். ஒரே நாளில் இரண்டு பேரைப் பறிகொடுத்துவிட்டு, அன்று மாலையே ஸ்தோத்திரப் பாட்டு பாடிய குடும்பம். சொல்லச் சொல்ல இரண்டு பேர் மூன்றாகி, போன வருடக் கடைசியில் ஐந்தாகிவிட்டார்கள். அந்தக் குடும்பத்தை யாரும் பார்த்ததில்லை. அவரும்தான்.

பேச்சு முடிந்ததும் ஜெபம். அதற்கு முன்னால் கையை உயர்த்தி, "அழுகையை நிப்பாட்டுங்க, ஜெபம் பண்ணப் போறேன்" என்பார். ஆண்டவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு சத்தம் கேட்காது என்று அவருக்கு எண்ணம் போலிருக்கிறது.

பெண்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு பெண்ணும் கூட வரவேண்டும் என்பது குழுவின் விதி. அதனால் மனைவி கிருபாபாயை ஸ்கூட்டர் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்தவள் அவள். துக்க வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வீட்டில் அதிகமாக அழுகிறவர் யார் என்று பார்த்து, அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். கொஞ்ச நேரத்தில் அவளும் அழ ஆரம்பித்துவிடுவாள். பேச்சு வரம் இல்லாததால் மனைவி இப்படிச் செய்கிறாள் என்று ஏசுவடியான் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் போனது மம்சாபுரத்தில்.

வெள்ளத்தாய்க்கு மம்சாபுரத்தில் தோட்டக் கூலி வேலை. புருஷன் இல்லை. ஒரு வருடமாகத்தான் சபைக்கு வந்துகொண்டிருந்தாள், அதுவும் களை எடுப்பு இல்லாத ஞாயிறுகளில். அவளுடைய ஒரே மகன் தனுஷ், பத்தொன்பது வயது, தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரைச் சரிபார்க்க இறங்கினவன் கரண்ட் அடித்துச் செத்துப்போனான். போன ஆடி மாதம் அது.

ஏசுவடியான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பகுதியை முடித்து இரண்டாவதற்கு வந்தார். "ஆண்டவருக்கு இதுல ஒரு திட்டம் இருக்கும்மா. நமக்கு இப்பத் தெரியாது."

வெள்ளத்தாய் சுவரிலிருந்து தலையை எடுத்தாள். "என்ன திட்டம் சார்?"

இத்தனை வருடத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. "அது… அவருக்குத்தான் தெரியும்."

"நீங்க தெனமும் அவருகிட்டப் பேசுதவியதானே. கேட்டுச் சொல்லுங்க. எம்புள்ளைய அந்தக் கெணத்துக்குள்ள எறக்கி என்ன திட்டம் போட்டாராம்?"

அவளுக்குக் குமட்டிக்கொண்டு வருவது போல அழுகை வந்தது. கூட இருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது பகுதிக்கு இடமில்லாமல் போயிற்று. சாத்தூர்க் குடும்பம் வாசலிலேயே நின்றது. ஏசுவடியான் குரலை உயர்த்தினார். "இப்படி அழுறது அவிசுவாசம்மா. ஞாயித்துக்கிழமை ஒழுங்கா சபைக்கு வந்திருந்தா இந்த மாதிரி நேரத்துல தாங்குற பெலன் கிடைச்சிருக்கும்."

கிருபாபாய் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு வெள்ளத்தாயின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு சத்தம் போட்டே அழுதாள்.

ஊர் எல்லை தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு, ஸ்கூட்டரை ஓரங்கட்டி நிறுத்தினார் ஏசுவடியான். "குழுவுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு. நாம ஆறுதல் சொல்லப் போனமா, கூடச் சேர்ந்து ஒப்பாரி வைக்கப் போனமா?"

"நீங்க ஆறுதல் சொன்னீங்க."

"பின்ன?"

"ஆண்டவரும் வந்திருந்தாருங்க. நீங்க பேசி முடிக்கட்டும்னு வெளிய நின்னுட்டிருந்தாரு. நாம கெளம்பின பொறவுதான் உள்ள போயிருப்பாரு."

முப்பத்தைந்து வருட இல்வாழ்க்கையில் கிருபாபாய் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். ஏசுவடியான் வண்டியை எடுத்தார். அடுத்த வாரத்திலிருந்து துணைக்கு வேறொரு சகோதரியை ஏற்பாடு செய்துகொண்டார்.

கிருபாபாய் வியாழக்கிழமைகளில் மட்டும் காலைச் சமையலை முடித்துவிட்டு, "ஜெபத்துக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்புவாள். எந்த ஜெபம், எங்கே என்று அவர் கேட்கவில்லை. பெண்கள் ஜெபக்கூட்டம் நிறைய இருக்கிறது. அவற்றுக்கும் செயலாளராகக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று அவருக்கு ஒரு பயம்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நின்றிருந்த கிருபாபாய் பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்தாள், அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. 108 ஆம்புலன்ஸ் வந்து மதுரைக்குக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குழாய்களுக்கு நடுவில் கிடந்தாள். சனிக்கிழமை விடிந்ததும் போய்விட்டாள். அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஏன் போனாள் என்று ஏசுவடியானுக்குத் தெரியவில்லை. கேட்கவும் அவள் இல்லை.

ஞாயிறு அடக்கம். திங்கள் காலை பத்து மணிக்கு ஆறுதல் குழு வந்தது.

குழுவின் துணைச் செயலாளர் பெயர் தேவஇரக்கம். தென்காசி ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். ஏசுவடியானிடம் ஐந்து வருடம் பயிற்சி பெற்றவர். நாற்காலியில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல்கூட ஏசுவடியானுடையதுதான்.

"அண்ணே, உங்களுக்கு நாங்க சொல்லணும்னு இல்ல. இருந்தாலும் சொல்றோம். ஆண்டவர் தவறு செய்யமாட்டார்."

ஏசுவடியான் தலையை ஆட்டினார். ஒவ்வொரு சொல்லும் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும். எந்த இடத்தில் குரல் இறங்கும், எந்த இடத்தில் மேலே பார்க்கவேண்டும் எல்லாம் தெரியும். அத்தனையும் சரியாக வந்தது, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. காய்ச்சல்காரனுக்கு வைத்த சாப்பாடு போல முன்னால் அப்படியே இருந்தது. சாத்தூர்க் குடும்பம் வந்தபோது அதில் ஆறு பேர் செத்திருந்தார்கள். தேவஇரக்கமும் தன் பங்குக்கு ஒருவரைச் சேர்த்திருந்தார்.

"அது அம்புட்டும் பொய்யிப்பா" என்று சொல்ல வாயெடுத்தார். கூட்டம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டார்.

பாஸ்டர் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். "பாருங்க, ஒரு சொட்டு கண்ணீர் இல்ல. இதுதான் விசுவாசம். இவர் நமக்கெல்லாம் ஒரு பாடம்." எல்லோரும் "ஆமென்" என்றார்கள். ஏசுவடியான் அன்றைக்கு அழுதிருந்தால் அது சபைக்கே நஷ்டமாகியிருக்கும். ஆகவே அழவில்லை. பெங்களூரிலிருந்து வந்த மகள் ஜெனிட்டா மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். குழுவின் சகோதரி ஒருத்தி கதவைத் தட்டி, "அப்பாவைப் பார்த்துக் கத்துக்கோம்மா" என்றாள்.

எதிர்வீட்டு மைதீன் பிச்சையின் மனைவி சௌதா தினமும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தாள். வைப்பாள், போவாள். கிருபாபாய் துவைத்து மடித்து வைத்திருந்த சேலைகளைக் கொடியோரத்தில் பார்த்தபோது மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏசுவடியான் அந்தக் கஞ்சியைத்தான் குடித்தார். குழு கொண்டுவந்த பழத் தட்டுகள் ஜிகினாத்தாளோடு அழுகின.

அடுத்த ஞாயிறு சபையில் அவர் சாட்சி சொல்லவேண்டும் என்று பாஸ்டர் முடிவு செய்தார். வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ். இடப்பக்கம் கிருபாபாய், வலப்பக்கம் ஏசுவடியான், நடுவில் ஒரு வெள்ளைப் புறா. மேலே "துக்கத்தை வென்றவர்" என்று எழுதியிருந்தது. மனைவியின் படத்தை ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கியிருந்தார்கள். அதனால் அவள் எதற்கோ பயந்த மாதிரி இருந்தாள். வென்றவரோ நன்றாகச் சிரித்தார். அது போன வருடக் கிறிஸ்துமஸ் படம்.

மேடை ஏறி மைக்கைப் பிடித்தார் ஏசுவடியான். "ஆண்டவர் தவறு…" என்று ஆரம்பித்தார். அடுத்த சொல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அங்கேயே நின்றது. எதிரே பெண்கள் வரிசையில் கிருபாபாய் வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரோ கைப்பையை வைத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியலைய்யா" என்றார் மைக்கில். "ஒண்ணுமே தெரியல. எனக்கு ஆண்டவர் மேல கோவமா வருது. அவளுக்கு என்ன வயசு? அவ யாருக்கு என்ன செஞ்சா? நான் இத்தனை வீட்டுல போயி… நான் என்னத்தப் பேசினேன்?" அதற்கு மேல் உடைந்துவிட்டார். மைக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினார். அறுபத்து நான்கு வயது மனிதன் தாயைத் தொலைத்த பிள்ளை போல அழுதார்.

சபை ஒரு கணம் திகைத்தது. பாஸ்டருக்கு அந்த ஒரு கணமே போதுமானது. கீபோர்டுக்காரருக்குக் கண் காட்டினார். இசை எழுந்தது. "ஆவியானவர் அசைவாடுகிறார்!" என்று முழங்கினார் பாஸ்டர். "நம்ம சகோதரர் மேல அபிஷேகம் இறங்குது! கரங்களை உயர்த்துங்க!" கைகள் உயர்ந்தன. தேவஇரக்கம் ஓடிவந்து, அவர் விழுந்தால் பிடிப்பதற்குப் பின்னால் நின்றார். அவ்வளவு கைதட்டலுக்கு நடுவில் ஏசுவடியான், "ஐயா, நான் அழுறேன்யா, சும்மா அழுறேன்" என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்கள்.

மறுநாள் ஜெனிட்டா பெங்களூர் கிளம்பினாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, கதவைத் திறந்து போட்டபடி உட்கார்ந்திருந்தார். பதினோரு மணி இருக்கும். வாசலில் ஒரு பெண் செருப்பில்லாமல் நின்றாள். வெள்ளத்தாய்.

"அம்மா போன வாரம் வரலியேன்னு பாத்தேன். கூலிக்குப் போயிருந்த எடத்துல நேத்துத்தான் சொன்னாவ" என்றாள். அடுத்த நொடி வாசற்படியிலேயே உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "என்னப் பெத்த தாயீ! எம்பக்கத்துல ஒக்காந்தவளே! இனி எனக்கு யாரு இருக்கா தாயீ!"

தெருவில் கதவுகள் திறந்தன. இரண்டு வீடு தள்ளியிருந்த குழுச் சகோதரி வேகமாக வந்து, "ஏட்டி, எந்திரி. பத்து நாளாச்சு. விசுவாசி வீட்டுல இப்படி ஒப்பாரி வைக்கக்கூடாது" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க" என்றார் ஏசுவடியான். "அவ அழட்டும்."

"இல்ல பிரதர், பாக்குறவங்க…"

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா."

சகோதரி போனாள், பாஸ்டருக்குப் போன் செய்வதற்காக. ஏசுவடியான் இறங்கிவந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். தரையில் உட்கார்ந்து பல வருடமாகியிருந்தது. அவருக்கும் அழுகை வந்தது. கீபோர்டு இல்லை, யாரும் கை தட்டவில்லை. மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் அழுதார்.

இருவரும் ஓய்ந்த பிறகு கேட்டார். "அவ உங்க வீட்டுக்கு வந்துட்டிருந்தாளா?"

"வியாழக்கெழமை தவறாது சார். உங்களுக்குத் தெரியாதாக்கும்? எங்க ஊருக்கு வந்துட்டு, திரும்பிப் போகையில ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து பஸ் மாறுவாவ."

"வந்து என்ன பேசுவா?"

"ஒண்ணும் பேசமாட்டாவ. உளுந்து கெடந்தா உடைச்சுக் குடுப்பாவ. நான்தான் பேசுவேன். பேசுறது என்ன, ஆண்டவரத் திட்டுவேன். வாயில வந்தது அம்புட்டும் திட்டுவேன். மொத நாளு, கோவிச்சுக்கிட்டுப் போயிருவாவன்னு நெனச்சேன். அவிய என்னன்னா, 'நல்லாக் கேளுட்டி, இன்னும் சத்தமாக் கேளு. அவரு பிள்ளையப் பறிகுடுத்தவருதான், அவருக்குப் புரியும்'னுட்டாவ."

ஏசுவடியான் அவளைப் பார்த்தார். தன் மனைவிக்கு இறையியல் தெரியும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

"அப்புறம்?"

"அப்பறம் என்ன. திட்டித் திட்டி எனக்கே ஓஞ்சு போச்சு."

"ஆண்டவர் பதில் சொன்னாரா?"

வெள்ளத்தாய் யோசித்தாள். "பதிலு எங்க சொன்னாரு. ஒண்ணும் சொல்லல. ஆனா போகல சார். அம்புட்டுத் திட்டியும் அவரு எந்திரிச்சுப் போகல. அது எனக்குத் தெரிஞ்சது. எப்படித் தெரிஞ்சதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"மம்சாபுரத்துல நான் உங்கிட்டச் சொன்னது…" என்றார் ஏசுவடியான். "சபைக்கு ஒழுங்கா வரலைன்னு சொன்னேனே. அது தப்பும்மா. மன்னிச்சிரு."

"நீங்க சொன்னது ஒண்ணும் எங்காதுல ஏறல சார்" என்றாள் அவள். அவரை ஆறுதல்படுத்துவதற்காகத்தான் அப்படிச் சொன்னாள். ஆறு வருட ஊழியத்துக்கு இதைவிடச் சரியான மதிப்புரை கிடைத்திருக்காது. பத்து நாளில் முதல்தடவையாக ஏசுவடியானுக்குச் சிரிப்பு வந்தது. அவள் பயந்துபோய்ப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், சௌதா வைத்துவிட்டுப் போயிருந்த கஞ்சியை இரண்டு தம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

பாஸ்டர் வந்தபோது இருவரும் படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கமிருந்து ஜெபத்தை ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வேறொரு வீடு இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

செயலாளர் பொறுப்பை விட்டுவிடுவதாக ஏசுவடியான் எழுதிக் கொடுத்தார். சபை ஏற்றுக்கொள்ளவில்லை. துக்கத்தை வென்றவரை விட்டுவிட்டு வேறு யாரைப் போடுவது? ஃப்ளெக்ஸ் வேறு இன்னும் இறக்கப்படாமல் இருந்தது.

தை மாதம் சுந்தரபாண்டியத்தில் ஒரு சாவு. சிவபாண்டி என்ற நெசவாளியின் மனைவி மாரீஸ்வரி, பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். அவள் மட்டும்தான் சபைக்கு வந்தவள். அவன் வருவதில்லை. குழு வேன் வைத்துக்கொண்டு போனது. கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது தேவஇரக்கம், "அண்ணே, நீங்க பேசுறீங்களா, நான் பேசட்டுமா?" என்று கேட்டார்.

"யாரும் பேசவேண்டாம்."

"சும்மாவா உட்காந்திருக்கிறது?"

"ஆமா."

தேவஇரக்கம் வேனின் கூரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சிவபாண்டி தறிக் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்தான். அழவில்லை. யார் வந்ததையும் பார்க்கவில்லை. ஏசுவடியான் செருப்பைக் கழற்றினார். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவரும் குழிக்குள் காலைத் தொங்கப்போட்டார். வாய் பழக்கதோஷத்தில், "ஆண்டவர்…" என்று ஆரம்பித்துவிட்டது. கடித்து நிறுத்தினார்.

அவனே திரும்பினான். "ஏதாச்சும் சொல்லத்தான வந்தீங்க? சொல்லிட்டுப் போங்க."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. என் வீட்டம்மாவும் கார்த்திகையில போயிட்டா."

அவன் அவர் முகத்தை முதல்தடவையாகப் பார்த்தான். "எப்படி இருக்கீங்க?"

"நல்லால்ல" என்றார் ஏசுவடியான்.

சிவபாண்டியின் உதடு கோணியது. குனிந்தவன் அப்படியே அவர் தொடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகு ஏறி இறங்கியது. ஏசுவடியான் அந்த முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். மனதுக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான் செய்தார்: போயிராதேயும். கால் மரத்துப்போனது. வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, மூன்றாவது தடவை மற்றவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அவர் சாயங்காலம் பஸ்ஸில் வந்தார்.

மறுவாரம் தேவஇரக்கம் ஆறுதல் குழுவுக்குப் புதிய நிகழ்ச்சி நிரலை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தார். மூன்று பகுதிக்குப் பிறகு நான்காவதாக ஒன்று சேர்ந்திருந்தது: "மௌனமாய் உட்காருதல், மூன்று நிமிடம்." மொத்த ஆறுதல் பதினேழு நிமிடம் ஆகிவிட்டதால், சாத்தூர்க் குடும்பத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும்படி அடியில் ஒரு குறிப்பும் இருந்தது.

ஏசுவடியான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மம்சாபுரம் பஸ்ஸில் ஏறினார். அன்று வியாழக்கிழமை. வெள்ளத்தாய்க்குக் களை எடுப்பு இல்லை. உளுந்து உடைக்க அவருக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளவேண்டும்.